சாணைக்கல் வீட்டுக்கு வந்தது, லாபம் ஆலைக்குப் போனது!

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் ரோட்டை நம் வாசகர்கள் அறிவார்கள். இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை, தக்காளித் தோட்டம், மாந்தோப்பு. மழை பொய்த்த வருஷங்களில் இந்த ரோட்டிலேதான் ஊர் ஊராக ஜனங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கூலி தேடிப் போனார்கள். இன்றும் போகிறார்கள்.

அந்த ரோட்டோரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீடு. பேர் வேண்டாம். வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட சாய்ப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேலும் அங்கே விளக்கு எரிகிறது. சாணைக்கல் சுற்றும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது. ஓசூர் கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷம் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து வெளியே அனுப்பப்பட்டவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பனியன் போட்ட உடம்பு, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. எதிரே ஒரு டப்பா நிறைய மழுங்கிப்போன லேத் டூல்களும் டிரில்களும் எண்ட்மில்களும். காலையில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து அதை வாங்கிப் போவான். வேறொரு டப்பாவைப் போட்டுவிட்டுப் போவான். தீட்டி முடித்ததைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைப்பது மனைவியின் வேலை. சாய்ப்புக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடவில்லை. அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகின்றன.

"இருமல் எத்தனை நாளாக?" என்று கேட்டால், "அது சளிண்ணா, ரெண்டு வருஷமா இருக்கு" என்கிறார்.

ரெண்டு வருஷத்துச் சளி! அந்தச் சளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அரிவாள் தீட்டுவது போலத்தானே?

விவசாயத் தொழிலாளி கேட்பார்: "சாணை பிடிப்பதில் என்னய்யா ஆபத்து? என் தகப்பன் காலத்திலிருந்து அரிவாள் தீட்டுகிறோம். கொல்லன் பட்டறையில் கொழு அடிக்கிறோம். யார் செத்தார்கள்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

அரிவாள் இரும்பு. லேத்தில் போடும் டூல் அப்படியல்ல. இரும்பையே இரும்பு வெட்ட வேண்டும். வெட்டும்போது உண்டாகும் சூட்டில் டூல் இளகக் கூடாது. சாதாரண கார்பன் ஸ்டீல் நீலம் பாய்ந்தாலே அதன் கூர் செத்துவிடும். அதற்கு மாற்றாக வந்தது ஹைஸ்பீடு ஸ்டீல். அதன் பழைய பேர்பெற்ற வகையில் 100-க்கு 18 பங்கு டங்ஸ்டன், 4 பங்கு குரோமியம், 1 பங்கு வனேடியம். முனை மங்கிய சிவப்பாகக் காய்ந்தாலும் அது வெட்டும்.

அதற்கும் மேலே போனது கார்பைடு. டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்துப் பொடியாக்கி, கோபால்ட் என்ற உலோகத்தைப் பசையாகக் கலந்து, அச்சில் அழுத்திச் சுட்டு எடுக்கிறார்கள். 1920-களில் ஜெர்மனியில் ஆராய்ச்சி முடிந்தது; க்ரூப் கம்பெனி 'வைரம் போல' என்ற பொருளில் 'விடியா' என்று பேர் வைத்து விற்றது. லேத்தில் வேலை செய்த கிழவர்கள் இன்றும் கார்பைடு முனையை விடியா என்றே சொல்லக் கேட்கலாம்.

இந்த முனை மழுங்கினால் சாதாரணக் கல்லில் தேயாது. அதற்குப் பச்சைக் கல் வேண்டும், அல்லது டைமண்டு வீல் வேண்டும். பச்சைக் கல் மலிவு. ஆனால் தானும் உதிர்ந்து முனையையும் உதிர்த்துத் தூசியைக் கொட்டும். டைமண்டு வீல் அளவாகத் தேய்க்கும். ஆனால் விலை அதிகம். டப்பாவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் எதை வாங்குவான்? பச்சைக் கல்லைத்தான் வாங்குவான்!

இன்னொன்று. காய்ந்த கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் முனை கீறிவிடும். ஒரு முனை கீறினால் அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் தண்ணீரே காட்டாமல் உலர்வாகப் பிடிக்கிறார்கள். உலர்வாகப் பிடித்தால் தூசி எங்கே போகும்? மூக்குக்குத்தான் போகும்!

ஓர் அரிசி மணி

அந்தத் தூசி என்ன செய்யும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசகர்களும் கூடவே போடலாம்.

ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம் கோபால்ட், அதற்கு மேல் தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கக் கூடாது என்பது அமெரிக்க நாட்டின் சட்ட வரம்பு. அதுவே அதிகம், அதில் பாதிக்கு மேல் கூடாது என்கிறது அந்த நாட்டு சர்க்காரின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம். நாம் தளர்ந்த வரம்பையே எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால், உள்ளே இருப்பது சுமார் 28 கன மீட்டர் காற்று. வரம்பைத் தொட 2.8 மில்லிகிராம் கோபால்ட் போதும். கார்பைடில் பத்தில் ஒரு பங்கு கோபால்ட் என்று வைத்தால், 28 மில்லிகிராம் கார்பைடு தூசி. ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடை!

இனி ஒரு முனையைத் தீட்டுவதைப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம் உள்ள முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தேய்த்தால் சுமார் 145 மில்லிகிராம் பொடியாகிறது. கார்பைடு அத்தனை கனம். அதாவது ஒரே முனையில் ஐந்து அரிசி மணி! எல்லாமே காற்றில் மிதப்பதில்லை. பெரும்பங்கு கீழே விழுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு முனையா தீட்டுகிறார்கள்? ஒரு டப்பா! கீழே விழுந்ததைத்தான் காலையில் விளக்குமாற்றால் கூட்டி மறுபடி காற்றில் ஏற்றுகிறார்களே!

இந்தத் தூசியால் வரும் நுரையீரல் வியாதியை ஜெர்மன் டாக்டர்கள் 1940-லேயே எழுதிவிட்டார்கள். வறட்டு இருமல், மேடேறினால் மூச்சு முட்டல், உடம்பு இளைப்பு. நுரையீரல் பஞ்சு போல் விரிந்து சுருங்க வேண்டியது. அது தழும்பேறித் தோல் போல் ஆகிறது. சிலருக்கு ஆஸ்துமாவாக வருகிறது: வேலை நாளில் இழுக்கும், லீவு நாளில் தணியும். எல்லோருக்கும் வருவதில்லை. இருபது வருஷம் செய்தவன் தப்பிவிடுவான். கொஞ்ச காலமே செய்தவன் விழுந்துவிடுவான். யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கோபால்ட்தான் குற்றவாளி என்பதற்குப் பெல்ஜியத்தில் சாட்சி கிடைத்தது. அங்கே வைரம் பட்டை தீட்டும் தொழிலாளிகளுக்கு இதே வியாதி வந்ததை 1980-களில் டாக்டர்கள் கண்டார்கள். அவர்கள் கார்பைடைத் தொட்டவர்களே அல்ல. அவர்கள் தீட்டிய வட்டில் கோபால்ட் இருந்தது! 2006-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும், கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடு மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தி வெளியிட்டது.

ஆக, இது அரிவாள் தீட்டுவது போன்றது அல்ல.

நம்மூரில் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் என்ன சந்தேகப்படுவார்கள்? காசநோய்! சளியில் கிருமி இல்லையென்றால், "பீடி குடிக்கிறாயா?" என்பார்கள். "என்ன தூசியில் வேலை செய்கிறாய்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்டாலும், "சொந்த வேலைங்க, வீட்டிலே" என்று நம் ஆள் சொல்லிவிடுகிறார். வியாதியின் வேர் அங்கேயே மறைந்துபோகிறது.

ஷெபீல்டில் நடந்த கதை

இது புதுக் கதையா? இல்லை. இங்கிலாந்தில் ஷெபீல்டு என்ற ஊர் கத்திக்கும் அரத்துக்கும் பேர்போனது. அங்கே சாணைக்காரர்கள் மணற்கல் சக்கரத்தில் முள்கரண்டியும் கத்தியும் தீட்டினார்கள். கல்லின் தூசி நுரையீரலை அரித்தது. உலர்வாகத் தீட்டியவர்களின் சராசரி ஆயுள் 35-ஐ எட்டுவது அரிது, தண்ணீர் விட்டுத் தீட்டியவர்களுக்கு 45 என்ற கொடுமையை எங்கெல்ஸ் 1845-ல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய தமது நூலில் பதிவு செய்தார். ஊரின் டாக்டர்கள் சொன்னதைத்தான் அவர் எழுதினார். தூசியை உறிஞ்சி வெளியே தள்ள விசிறி வைக்கலாம் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

தெரிந்தும் ஏன் பல இடங்களில் வைக்கவில்லை? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அந்தச் சாணைக்காரர்களில் மிகப் பலர் பேருக்குச் 'சொந்தத் தொழில்' செய்பவர்கள்! நீராவி எஞ்சின் வைத்த கட்டிடத்தில் ஒரு சாணைக்கல் போட வாடகைக்கு இடம் பிடித்து, வியாபாரி கொடுத்த சரக்கைத் தீட்டிக் கொடுத்தார்கள். கட்டிடக்காரன் சொன்னான்: "நான் வாடகைதான் வாங்குகிறேன், ஆள் என் ஆள் இல்லை." வியாபாரி சொன்னான்: "நான் சரக்குதான் கொடுக்கிறேன், இடம் என் இடம் இல்லை." தூசிக்கு மட்டும் சொந்தக்காரன் இல்லை! அது சாணைக்காரனின் நெஞ்சில் போய்க் குடியேறியது.

பாலக்கோட்டு ரோட்டோரச் சாய்ப்பிலும் அதே கதைதான். ஒரு வித்தியாசம்: ஷெபீல்டில் தூசி பட்டறையோடு நின்றது. இங்கே தொட்டிலுக்கும் சோற்றுப் பானைக்கும் வந்துவிட்டது!

சாணை வீட்டுக்கு வந்த வழி

தீட்டுவது ஒரு காலத்தில் லேத் தொழிலாளியின் கையிலேயே இருந்தது. தன் டூலைத் தானே தீட்டிக்கொள்வான்; எந்தச் சாய்வில் பிடிப்பது என்பது அவன் வித்தை. அமெரிக்காவில் டெய்லர் என்ற எஞ்சினியர் 26 வருஷம், சுமார் 8 லட்சம் பவுண்டு இரும்பைச் சீவலாக்கிப் பரிசோதனை நடத்தினார். 1906-ல் அதை வெளியிட்டார். ஹைஸ்பீடு ஸ்டீல் வந்ததில் அவருக்கும் அவர் கூட்டாளி ஒயிட்டுக்கும் பங்கு உண்டு. விஞ்ஞானத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கூடவே ஒரு ஏற்பாடு செய்தார்: தொழிலாளி இனி டூலைத் தீட்டக் கூடாது, தனியாக டூல் ரூமில் ஒரே அளவாகத் தீட்டிக் கொடுக்கப்படும், அவன் மாட்டி ஓட்டினால் போதும். வித்தை தொழிலாளியின் கையை விட்டு நிர்வாகத்தின் ஆபீசுக்குப் போனது. கையில் ஸ்டாப் வாட்ச் பிடித்த இந்த முறையை எதிர்த்து 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

வித்தை நம்முடையதாக இருந்தபோது ஆலைக்குள் பறித்துக்கொண்டார்கள். சரி. இப்போது ஏன் ஆலைக்கு வெளியே தள்ளுகிறார்கள்?

வசதி படைத்த கம்பெனி மூடிய அறைக்குள் இயங்கும் கம்ப்யூட்டர் சாணை மிஷினை வாங்குகிறது. தூசி உறிஞ்சும் குழாய் வைக்கிறது. அந்தக் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுப்பவன் இன்னொருவன், அவனுக்குச் செய்து கொடுப்பவன் வேறொருவன். கடைசிப் படியில் நாலு லேத் வைத்த சிறு பட்டறை. அவனுக்குப் பேசிய ரேட்டில் புது டூல் வாங்கக் கட்டாது. மழுங்கியதைத் தீட்டித் தீட்டி ஓட்ட வேண்டும். தீட்டத் தனி ஆளும் இடமும் வைத்தால் கூலி, கரண்ட், இன்ஷூரன்ஸ். வெளியே கொடுத்தால்? எண்ணிக்கைக்குக் காசு. இருமினால் அவன் பாடு!

கார்பைடு விலை ஏறும்போதெல்லாம் தீட்டும் வேலையும் ஏறும். அந்த விலையை ஏற்றுபவர்கள் யார்? 1928-ல் ஜெர்மன் க்ரூப்பும் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கும் கார்பைடு சந்தையைப் பங்குபோட ஒப்பந்தம் செய்தார்கள். அமெரிக்காவில் ஒரு பவுண்டு 50 டாலர் அளவில் விற்றது 453 டாலராக ஏறியது! இந்தக் கூட்டுக்கொள்ளைக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் குற்றவாளி என்று 1948-ல் அமெரிக்கக் கோர்ட்டே தீர்ப்பளித்தது. இன்றைக்கு உலகத்து டங்ஸ்டனில் மிகப் பெரும்பங்கு சீனாவில் எடுக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் அந்த நாடு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் ஏழைகள் அதே தூசியில் புரள்கிறார்கள். காங்கோவில் தோண்டுபவனுக்கும் பாலக்கோட்டில் தீட்டுபவனுக்கும் நடுவே எத்தனை கைகள்! நடுவில் இருப்பவர்கள் லாபம் பார்க்கிறார்கள். இரண்டு முனையிலும் இருப்பவர்கள் இருமுகிறார்கள்.

"நீயே முதலாளி!"

இப்படிச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் குரல் கொடுக்கும்: "அவர் தொழில்முனைவோர்! யாருக்கும் கைகட்டி நிற்காமல் சொந்தக் காலில் நிற்கிறார். இதை ஏன் கெடுக்கிறீர்கள்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! நாம் மூன்று கேள்வி கேட்கிறோம்.

ஒரு டூலுக்கு இன்ன கூலி என்று நிர்ணயிப்பது யார்? தீட்டுபவரா? இல்லை, டப்பா கொண்டுவருபவர். எப்போது முடித்துத் தர வேண்டும் என்று நிர்ணயிப்பது யார்? டப்பா கொண்டுவருபவர். அந்த டூல் யாருடைய சொத்து? டப்பா அனுப்பியவருடையது. கூலியும் அவர் இஷ்டம், நேரமும் அவர் இஷ்டம், சரக்கும் அவர் சரக்கு. தீட்டுபவருக்குச் சொந்தமானது கடனில் வாங்கிய ஒரு மோட்டாரும், தன் இரண்டு நுரையீரலும்தான். இதற்குப் பேர் முதலாளியா?

நம் தரப்பிலும் சில தோழர்கள், "மிஷின் வைத்திருக்கிறாரே, அவர் சின்ன முதலாளி, சங்கத்தில் அவருக்கென்ன வேலை?" என்கிறார்கள். அந்தத் தோழர்களிடமும் பணிவாகச் சொல்கிறோம்: தறி சொந்தமாக இருந்த நெசவாளி முதலாளியா? ஏர் சொந்தமாக இருந்த குத்தகைக்காரன் ஜமீன்தாரா? தொழிலாளியை ஆலைக்கு வெளியே நிறுத்திவிட்டால் அவன் தொழிலாளி இல்லை என்று முதலாளி சொல்லலாம், நாமும் சொல்லலாமா?

சட்டம் எங்கே நின்றுவிட்டது?

1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. அதைவிடக் குறைந்த இடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர மாநில சர்க்காருக்கு 85-ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு: உரிமையாளர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்து வேலை செய்தால் தொடக்கூடாது! அதாவது தூசி குடும்பத்தோடு சேர்ந்து தின்றால் இன்ஸ்பெக்டருக்கு வேலை இல்லை. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு என்ன செய்தது? 10-ஐ 20 ஆக்கியது! வேலியைச் சுருக்கி இன்னும் பல பட்டறைகளை வெளியே தள்ளியது.

நஷ்டஈட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1923-ஆம் வருஷச் சட்டத்தின் தொழில் வியாதிப் பட்டியலில், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் வியாதி ஓர் இனமாக இருந்தது. மில் தொழிலாளிகளே, அது உங்களுக்குத் தெரியும். புளோரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்கள் திங்கட்கிழமை இழுப்பை அறிவார்கள். அதே பட்டியலில் அதற்கு அருகிலேயே இன்னோர் இனம்: கடின உலோகங்களால் வரும் நுரையீரல் வியாதி! கடின உலோகம் என்றால் வேறொன்றுமில்லை, இந்தக் கார்பைடுதான். சர்க்காருக்கு வியாதி தெரியும். சட்டத்தில் எழுதியும் இருக்கிறது. ஆனால் நஷ்டஈடு கேட்க 'வேலைக்கு வைத்த முதலாளி' ஒருவர் வேண்டும். நம் ஆளிடம் இருப்பது டப்பா கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரனின் போன் நம்பர்தான்!

"வீட்டில் நடப்பதற்கு யாரைப் பொறுப்பாக்க முடியும்?" என்று சட்டம் பேசுபவர்கள் கேட்கலாம். முடியும்! பீடி சுற்றும் பெண்களைக் கேளுங்கள். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. இலை கொடுத்த கான்ட்ராக்டருக்குப் பின்னால் நிற்கும் பிரதான முதலாளியைப் பொறுப்பாக்கியது. பீடிக் கம்பெனிகள் எதிர்த்து வழக்காடின. 1974-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. இலைக்கு முடிந்தது இரும்புக்கு முடியாதா?

இன்னும் கேளுங்கள். 2020-ஆம் வருஷ சமூகப் பாதுகாப்புத் தொகுப்பே, வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளி என்பவர் முதலாளி ஒருவருக்காகக் கூலிக்குச் செய்பவர், கருவியை முதலாளி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் தொழிலாளிதான் என்று விளக்கம் சொல்கிறது. மோட்டார் சொந்தம் என்பதால் அவர் முதலாளி ஆகிவிட மாட்டார் என்று சர்க்காரின் காகிதமே ஒப்புக்கொண்டுவிட்டது! அப்படியானால் அந்த முதலாளி நஷ்டஈட்டுக்கும் பொறுப்பு என்று எழுத ஏன் கை வரவில்லை? 1996-லேயே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வீட்டுவேலைத் தொழிலாளருக்காக ஓர் உடன்படிக்கை செய்தது. அதன் எண் 177. இந்திய சர்க்கார் அதை அங்கீகரிக்கவில்லை.

மாஸ்க் போடாததுதான் குற்றமா?

"படிக்காத ஜனங்கள், மாஸ்க் போடச் சொன்னால் கேட்பதில்லை" என்று ஒரு பழி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? தகரச் சாய்ப்பில், சித்திரை மாத வெயிலில், பத்து மணி நேரம் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவனிடம் ஒரு மாஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்பது மோசடி. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கல்லை மூடி, வாயருகே உறிஞ்சும் குழாய் வைத்து, வடிகட்டி போட வேண்டும். அது செலவு. அந்தச் செலவை டூலின் சொந்தக்காரன் தர வேண்டும்.

"அப்படியானால் வீட்டுப் பட்டறைகளை இழுத்து மூடிவிடு" என்று வேறு சிலர் சொல்வார்கள். அதுவும் நம் வழி அல்ல. மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? மறுபடி பெங்களூர்க் கட்டிடச் சாரத்துக்கா? வித்தை தெரிந்த கைகள் அவை. தூசிதான் போக வேண்டும், தொழில் அல்ல.

ஆனாலும் சட்டம் வரும் வரை நெஞ்சு காத்திருக்காது. ஆகவே சாணைக்காரத் தோழர்களுக்கு நேராகச் சில வார்த்தைகள்.

சாணையைப் படுக்கும் அறையிலிருந்து பிரியுங்கள். நடுச்சுவரைக் கூரை வரை எழுப்புங்கள். கார்பைடுக்கு எப்படியாவது டைமண்டு வீலுக்கு மாறுங்கள்; நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் சரி. அதில் ஸ்டீலைப் பிடிக்காதீர்கள். சூட்டில் இரும்பு வைரத்தைத் தின்றுவிடும். டூலின் ஸ்டீல் காம்பைச் சாதாரணக் கல்லில் ஒதுக்கிவிட்டுப் பிறகு முனையை டைமண்டில் பிடியுங்கள். முனையைச் சூடாக்கி முக்காதீர்கள். கூலண்ட் விட்டால் இடைவிடாமல் விடுங்கள். கூலண்ட் விட்டால் மட்டும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கோபால்ட் அதில் கரைந்து ஊறும், தெறிக்கும் திவலையோடு உள்ளே போகும், கையில் படை கிளப்பும். பழைய கூலண்டை அடிக்கடி மாற்றுங்கள், கிணற்றோரத்தில் கொட்டாதீர்கள். துண்டு மாஸ்க் ஆகாது. நுண்தூசியைத் தடுக்கும் என்.95 மாதிரி முகமூடி, அதுவும் முகத்தோடு ஒட்டினால்தான், ஓரளவு காக்கும். உலர்ந்த விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதவே ஊதாதீர்கள். அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அதை வீட்டுத் துணியோடு துவைக்கக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு அபாயம் கல் உடைவது. எட்டு அங்குலக் கல் நிமிஷத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்தால் துண்டு அந்த வேகத்தில் வந்து விழும். சந்தையில் சட்டி வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதேபோல் புதுக் கல்லை மாட்டுமுன் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் மாட்டுங்கள், பொத்தென்றால் தூர எறியுங்கள். மேல்மூடியைக் கழற்றாதீர்கள். கிளப்பியதும் ஒரு நிமிஷம் ஒதுங்கி நில்லுங்கள்.

இருமல் மூன்று வாரம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போய், "கார்பைடு சாணை பிடிக்கிறேன், இத்தனை வருஷமாக, இத்தனை மணி நேரம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி வைத்தியத்துக்கும் உதவும், நாளை நியாயம் கேட்கவும் உதவும். டப்பா வரவையும் கூலியையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். யாருக்காக உழைத்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

நாம் கேட்பது

மயிலாடும்பாறையை நம் வாசகர்கள் அறிவார்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004 வரை அது தர்மபுரி மாவட்டம்தான். அங்கே தோண்டியெடுத்த இரும்பு 4,200 வருஷம் பழையது என்று 2022-ல் சட்டசபையில் பெருமையோடு அறிவித்தார்கள். நமக்கும் பெருமைதான். மண்ணுக்குள் கிடந்த இரும்பின் வயதைக் கணக்கிட ஆட்கள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது. அதே மண்ணில் இன்றைக்கு இரும்பைத் தீட்டுகிறவன் எந்த வயதில் சாகிறான் என்று கணக்கெடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே கேட்கிறோம்: வீட்டுச் சாணைப் பட்டறைகளைச் சர்க்கார் கணக்கெடுக்க வேண்டும். டப்பா அனுப்பும் கம்பெனியைப் பிரதான முதலாளி என்று சட்டத்தில் எழுத வேண்டும். தூசி உறிஞ்சும் குழாயும் டைமண்டு வீலும் அந்த முதலாளியின் செலவில் வர வேண்டும். சாணைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வருஷத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். பட்டியலில் உள்ள வியாதிக்கு, வீட்டில் செய்தாலும் நஷ்டஈடு கிடைக்க வேண்டும்.

மில் தொழிலாளிகளே! பஞ்சுத் தூசியை வியாதி என்று ஒப்புக்கொள்ள வைக்க உங்களுக்கு முந்தியவர்கள் எத்தனை வருஷம் போராடினார்கள்! விவசாயத் தொழிலாளிகளே! உங்கள் பிள்ளைதான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு இந்தச் சாய்ப்பில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு வேலை முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் தெருவில் சாணைச் சத்தம் கேட்டால் கடந்து போய்விடாதீர்கள். உள்ளே போங்கள். "இருமல் எத்தனை நாளாக?" என்று கேளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவரைக் கூடவே அழைத்து வாருங்கள்.